ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதற்கு முன்

போன வாரம் ஒரு தவறு செய்தேன். கடைசி ரவுண்ட் வரை வந்து கிடைக்காமல் போன ஒருவர், "என்னை ஏன் எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று மரியாதையாக மெயில் அனுப்பியிருந்தார். பேனலில் இருந்த மேனேஜரிடம் கேட்டு, யோசித்து, ஐந்து வரி எழுதி அனுப்பினேன். செய்த வேலைகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "நாங்கள் செய்தோம்" என்றே சொன்னார், அதில் அவர் பங்கு எது என்று பிடிபடவில்லை என்பதுதான் விஷயம். மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது. என் ஐந்து வரிகளையும் தனித்தனியாக எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பத்தி மறுப்பு. மேனேஜருக்கும் அவருக்கு மேலே உள்ளவருக்கும் நகல். மாலைக்குள் மேனேஜருக்கு லிங்க்ட்இனில் தனிச் செய்தி வேறு. மேனேஜர் என் இடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "இனிமேல் யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க."

ஆக, அவருடைய குழுவுக்கு இனி விண்ணப்பிக்கிற அத்தனை பேருக்கும் "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்கிற அந்த ரெடிமேட் மெயில்தான் போகும். "ஒரு காரணம்கூடச் சொல்ல மாட்டீர்களா" என்று அவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஆள் எடுக்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். இது முதல் தடவையும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபீட்பேக் மேல்முறையீடு இல்லை. நாங்கள் சொன்ன காரணம் தப்பு என்று காட்டிவிட்டால் முடிவு மாறிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாறாது. பல இடங்களில், தேர்வானவர் ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு ரிஜெக்ட் மெயிலே போகும். நீங்கள் அதைப் படிக்கும்போது அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. அப்புறம் நீங்கள் யாரிடம் வாதாடுகிறீர்கள்?

இதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருக்கிறது: இன்டர்வியூ ஒரு பரீட்சை, எங்கோ மார்க் குறைந்திருக்கிறது, அந்த இடத்தை நாங்கள் மறைக்கிறோம் என்பது. பரீட்சையில் 40 வாங்கிய எல்லாரும் பாஸ். இங்கே எல்லாரும் 90 வாங்கினாலும் வேலை ஒருவருக்குத்தான். உங்களிடம் குறையே இல்லாமல், இன்னொருவர் அதே வேலையை ஏற்கெனவே இரண்டு வருடம் செய்தவராக இருந்திருக்கலாம். உள்ளேயே இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் போயிருக்கலாம். பாதி வழியில் பட்ஜெட்டை நிறுத்தியிருக்கலாம். இதையெல்லாம் வெளியே சொல்ல எனக்குப் பல நேரம் அனுமதி இருக்காது. "ஏதோ மறைக்கிறார்கள்" என்பது உண்மைதான், ஆனால் மறைப்பது உங்களைப் பற்றிய விஷயம் இல்லை.

சரி, காரணம் என்று ஒன்று எங்கள் கையில் இருக்கிறதா? ஒரு பேனலின் குறிப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒருவர்: "அடிப்படை நன்று. பதில் சொல்ல நேரம் எடுக்கிறார்." இரண்டாமவர்: "நிதானமானவர். யோசித்துப் பேசுகிறார். பிடித்திருக்கிறது." மூன்றாமவர்: "3/5. ஓகே." முடிந்தது. ஒரே குணம் ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு நிறை, மூன்றாமவருக்கு எழுதவே நேரமில்லை. இதிலிருந்து நான் உங்களுக்கு ஒரு "உண்மையான காரணம்" எடுத்துத் தர வேண்டும். நான் எழுதி அனுப்பினால் அது என் யூகம். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஆறு மாதம் தூக்கம் கெடுவீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: தனியார் நிறுவனம் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் ஒரு வழக்கில், தகுதி இருந்தும் எடுக்கப்படாத விண்ணப்பதாரருக்கு, வேறு யாரையாவது எடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லை என்றது. ஆனால் பாகுபாடு நடந்ததாக வழக்கு வந்தால், நிறுவனம் எந்தத் தகவலுமே தர மறுத்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. அங்கே 2018 முதல் அமலில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியின்படி, உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவைக் கேட்கலாம். இன்டர்வியூ குறிப்புகளும் பொதுவாக அதில் வரும். (அதனால்தான் அந்தக் குறிப்புகள் இவ்வளவு உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன. கேண்டிடேட் ஒருநாள் படிப்பார் என்று நினைத்துத்தான் எழுதச் சொல்லிக் கொடுக்கிறோம்.) அமெரிக்காவில், வெளி ஏஜென்சி கொடுத்த பின்னணிச் சோதனை அறிக்கையை வைத்து ஒருவரை ஒதுக்குவதென்றால், முடிவெடுக்கும் முன்பே அந்த அறிக்கையின் நகலை அவருக்குத் தர வேண்டும். 1970-இல் வந்த சட்டத்தில் 1996-இல் சேர்த்த விதி அது. அப்படிப்பட்ட இடத்தில் தயங்காமல் கேளுங்கள், அறிக்கையில் தப்பு இருந்தால் ஏஜென்சியிடம் சண்டையே போடுங்கள்.

சாதி, மதம், பாலினம், கர்ப்பம் போன்ற காரணத்துக்காக ஒதுக்கினார்கள் என்ற சந்தேகம் இருந்தால், அது ஃபீட்பேக் விஷயமே இல்லை. மெயில்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். ஹெச்.ஆரிடம் ஆலோசனை கேட்கும் பாவனையில் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள்.

மற்றவர்கள் எப்படிக் கேட்பது?

ரெஸ்யூமே கட்டத்திலேயே நின்றுபோனால் கேட்காதீர்கள். உங்களை யாரும் சந்திக்கவில்லை, சொல்வதற்கு யாரிடமும் எதுவும் இல்லை. இன்டர்வியூ நடந்திருந்தால் மட்டும் கேளுங்கள், அதுவும் உங்களோடு ஆரம்பத்திலிருந்து பேசிய ஆளிடம். பேனலில் இருந்தவரைத் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்பாதீர்கள். ரிஜெக்ட் மெயில் வந்த ராத்திரியே எழுதாதீர்கள். அந்த மெயில்களின் வாடையே தனி. ஒருநாள் தூங்கி எழுந்து எழுதுங்கள், ஆனால் ஒரு வாரம் தாண்டவேண்டாம். அதற்குள் நாங்கள் அடுத்த இருபது பேரைப் பார்த்திருப்போம், உங்கள் முகம் மறந்துபோயிருக்கும்.

"ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஏன்" என்றால் நான் என் முடிவுக்குக் காவல் நிற்கத் தொடங்கிவிடுவேன். எனக்கு வந்ததில் நல்ல மெயில் ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது:

"முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. மறுபரிசீலனை கேட்டு எழுதவில்லை. இரண்டாவது ரவுண்டில் டேட்டாபேஸ் வடிவமைப்புக் கேள்வியில் தடுமாறினேன் என்று எனக்கே தெரிந்தது. இதே மாதிரி வேலைக்கு அடுத்து முயலும்போது அதில் உழைப்பது சரியா, வேறு எதையாவது முதலில் கவனிக்க வேண்டுமா? ஒரு வரி போதும். போனில் சொல்வது வசதி என்றாலும் சரி."

இதற்கு நான் பயமில்லாமல் பதில் சொல்ல முடியும். அன்றே போன் போட்டேன். "டேட்டாபேஸ் பரவாயில்லைங்க, கேள்வியை முழுசாக் கேக்காம பதிலை ஆரம்பிச்சிட்டீங்க" என்றேன். எழுத்தில் இதைச் சத்தியமாக எழுதியிருக்க மாட்டேன்.

சொன்னதைக் கேட்டுக்கொண்டு நன்றி சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரு நிறுவனம் சொல்வது ஒரு கருத்து, அதற்காக ரெஸ்யூமேயைத் தலைகீழாக மாற்ற வேண்டாம். மூன்று இடத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னால் அப்போது உட்கார்ந்து பாருங்கள். "குழுவோடு பொருந்தவில்லை" என்று பதில் வந்தால் அதில் சாறு எதுவும் இல்லை, பிழிந்து பார்க்காதீர்கள். "இன்னும் அனுபவம் உள்ளவரை எடுத்தோம்" என்பது பெரும்பாலும் அப்பட்டமான உண்மை, சால்ஜாப்பு இல்லை.

இன்னொன்று. ஆஃபரை ஏற்றுக்கொண்டவர் நோட்டீஸ் பீரியடில் வேறு இடத்துக்குத் தாவுவது எங்களுக்கு வாடிக்கை. அப்போது பட்டியலில் இரண்டாவதாக இருந்தவரைத்தான் கூப்பிடுவோம். போன வாரம் அந்த மறுப்புக் கடிதம் அனுப்பியவர், பட்டியலில் இரண்டாவது.

என் சக ஹெச்.ஆர். ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று ரவுண்ட் நடத்தி, வீட்டில் செய்துவரச் சொல்லி ஒரு அசைன்மென்ட்டும் வாங்கிக்கொண்டு, "இல்லை" என்று சொல்லக்கூட மெயில் அனுப்பாமல் விடுகிறோமே, அந்த மௌனம்தான் இப்படிப்பட்ட மெயில்களை எழுத வைக்கிறது. காரணம் சொல்ல முடியாவிட்டால் போகட்டும். முடிவையாவது சொல்லுங்கள்.

தேடிக்கொண்டிருப்பவர்களிடம் தயவாகக் கேட்கிறேன்: இன்டர்வியூ முடிந்த அன்றே, என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், எங்கே திணறினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நான் தரும் ஐந்து வரியைவிட அதில் அதிகம் இருக்கும். ஃபீட்பேக் கேட்டுப் பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். இரண்டாவது நினைவூட்டலை, உண்மையைச் சொல்வதென்றால், நான் திறப்பதே இல்லை.