ஒருவர் போனால் கூடவே நான்கு பேர்

ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் 2002-ல் வந்தது. ஃபேஸ்புக்கைவிட இரண்டு வருடம் மூத்தது. பத்துக் கோடிக்கு மேல் கணக்குகள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியாவில் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் 2009 வாக்கில் அங்கிருந்த கூட்டம் மளமளவெனக் கலைந்துவிட்டது.

தளம் மெதுவாக இருந்தது, வடிவமைப்பை மாற்றியதும் பலருக்குப் பிடிக்கவில்லை, போதாக்குறைக்கு ஃபேஸ்புக் வேறு வந்துவிட்டது. சரி, எரிச்சலில் சிலர் போயிருப்பார்கள். எரிச்சலே இல்லாதவர்கள் ஏன் போனார்கள்? சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஃபிரெண்ட்ஸ்டரின் நட்பு வலையை எடுத்துக்கொண்டு இதைத்தான் ஆராய்ந்தார்கள்.

செல்வி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். தளத்தில் அவளுக்கு நான்கு நண்பர்கள். மூன்று பேராவது இருந்தால்தான் அவளுக்கு அங்கே பொழுது போகும். மற்றவர்களுக்கும் அதே கணக்குதான். நால்வரில் இருவருக்கு மொத்தமே இரண்டிரண்டு நண்பர்கள். அவர்கள் முதலில் கிளம்பிவிடுகிறார்கள். செல்விக்கு மிச்சம் இரண்டு பேர். அவளும் போகிறாள். அப்புறம் அந்த இரண்டு பேருக்கும் தலா ஒரு நட்பு குறைகிறது. அவர்களிடம் சரியாக மூன்றுதான் இருந்தது என்றால் அவர்களும் அவுட். இப்படி உதிர்ந்து முடிந்தபின், ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று நண்பர்கள் உள்ள ஒரு கரு மட்டும் எஞ்சும். வலைப்பின்னல் கணிதத்தில் இதற்குக் கே-கோர் என்று பெயர். தளத்தில் தொல்லை கூடினால் தேவையான எண்ணிக்கை மூன்றிலிருந்து நான்கு, ஐந்து என ஏறும், கரு சுருங்கும்.

அதனால் கோடிக்கணக்கில் கணக்குகள் இருப்பதை வைத்து ஒரு தளம் திடமானது என்று சொல்ல முடியாது. விளிம்பில் இரண்டு மூன்று நட்புகளோடு தொங்கிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்த 2021 ஜனவரியில் ஏராளமானோர் சிக்னல் என்ற போட்டிச் செயலியைப் போனில் இறக்கினார்கள். கோபம் உண்மையானதுதான். ஆனால் குடும்ப குரூப், பள்ளி வேன்காரர், அபார்ட்மென்ட் சங்கம் எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே இருந்தன. நம் ஊரில் அதன் கரு அவ்வளவு அடர்த்தி. பலரது போனில் இரண்டு செயலியும் இருந்தன, பேச்சு பழைய இடத்திலேயே நடந்தது.

இதை மக்களின் சோம்பல் என்று திட்டுவது நியாயமே இல்லை. 2011 முதல் இந்தியாவில் சிம் நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. நட்பு வட்டத்துக்கும் அந்த உரிமை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தில், பிற செயலிகளிலிருந்து வரும் செய்திகளுக்கு வாட்ஸ்அப் வழிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது ஒழுங்காக நடந்தால், அங்கே செல்வி வேறு செயலிக்குப் போனாலும் யாருக்கும் ஒரு நட்பு குறையாது.