பிறக்கும் முன்பே குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவது எப்படி?

தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், கருவிலுள்ள குழந்தைக்கு ஆர்எச் பாசிட்டிவ் என்று அமைந்தாலும் முதல் கர்ப்பம் பெரும்பாலும் சிக்கலின்றிக் கழிந்துவிடும். பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்க, அவற்றின் மேலுள்ள, ஆர்எச் பாசிட்டிவுக்கு அடையாளமான டி ஆன்டிஜென் என்ற புரதத்தை அந்நியப் பொருளாகக் கருதித் தாயின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கப் பழகிக்கொள்வதால், அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தைதான் பாதிப்புக்குள்ளாகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து வரும் எதிர்ப்பொருள் சிசுவின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ள, அவற்றைச் சிசுவின் மண்ணீரலே அழித்துவிடுகிறது. 28ஆம் வாரத்திலும் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் போடப்படும் ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கக்கூடியது. ஆனால் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவான பிறகு அந்த ஊசியால் பயனில்லை. சிவப்பணுக்கள் அழிந்து கடும் ரத்தசோகைக்கு ஆளாகும் சிசுவுக்குப் பிறக்கும் முன்பே ரத்தம் ஏற்ற வேண்டிவருவது அப்போதுதான்.

கருப்பைக்குள் இருக்கும் சிசுவுக்கு ரத்தசோகை என்று எப்படித் தெரியும்? முன்பெல்லாம் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, சிவப்பணுக்கள் சிதைவதால் அதில் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை அளந்தார்கள். இப்போது சிசுவைத் தொடவே வேண்டியதில்லை. சிவப்பணு குறைந்த ரத்தம் நீர்த்துப்போய் வேகமாக ஓடும் என்பதால், மூளையின் நடுத் தமனியில் ரத்தத்தின் உச்ச வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளக்கிறார்கள். அது அந்த வாரத்துக்குரிய இடைநிலை அளவைப் போல் 1.5 மடங்கைத் தாண்டினால் சிகிச்சைக்கு ஆயத்தமாகிறார்கள். மகப்பேறு மருத்துவத்தில் இவ்வளவு எளிய இயற்பியல் இவ்வளவு ஊசிக் குத்தல்களைத் தவிர்த்த இடம் வேறு உண்டா என்பது ஐயமே.

1963இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி என்ற மருத்துவர், எக்ஸ்ரே துணையுடன் சிசுவின் வயிற்றறைக்குள் ரத்தத்தைச் செலுத்தி வெற்றி கண்டார். உதரவிதானத்தை ஒட்டிய நிணநாளங்கள் சிவப்பணுக்களைச் சிதையாமல் உறிஞ்சி ரத்த ஓட்டத்தில் சேர்த்துவிட்டன. ஆனால் உடலெங்கும் நீர் கோத்த சிசுக்களில், அதாவது நோய் முற்றியவர்களில், இந்த உறிஞ்சல் சரிவர நடப்பதில்லை. இன்று அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே, தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு இணையும் இடத்தில், கொடி அதிகம் அசையாத அந்தப் புள்ளியில், சிரைக்குள் மெல்லிய ஊசியை இறக்குகிறார்கள். சிசு துள்ளி ஊசி விலகிவிடாதிருக்க, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பதுண்டு.

ஏற்றப்படுவது பொதுவாக ஓ நெகட்டிவ் ரத்தம். குழந்தையுடையதோடு அல்ல, எதிர்ப்பொருள் சுமக்கும் தாயின் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டது. கொடையாளியின் வெள்ளணுக்கள் சிசுவைத் தாக்காதபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சிறு இதயத்துக்குச் சுமை கூடாதபடி சிவப்பணுக்கள் 75 முதல் 85 சதவீதம் வரை இருக்குமாறு செறிவாக்குகிறார்கள். இந்த அணுக்களில் டி ஆன்டிஜென் இல்லாததால் தாயின் எதிர்ப்பொருள்கள் இவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஆயினும் சிசு வளர வளர ரத்தம் போதாமல் போவதால், சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.

பலமுறை ஏற்றிய பின், சிசுவின் எலும்பு மஜ்ஜை தன் சொந்த உற்பத்தியை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. அதனால் பிறந்தவுடன் ரத்த வகையைச் சோதித்தால் கொடையாளியின் ஓ நெகட்டிவே காட்டக்கூடும். மஜ்ஜை விழித்துக்கொள்ளும் முன் கொடை அணுக்கள் ஆயுள் முடிந்து குறைவதால், வீடு திரும்பிய குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்கு ஹீமோகுளோபினைத் தவறாமல் பார்த்துவர வேண்டும். சிலருக்கு அப்போதும் ரத்தம் ஏற்ற நேரிடும்.