டீசல் விலையின் ஒருவழிக் கதவு

நாமக்கல் பக்கம் பங்கில் நிற்கும் லாரி ஓட்டுநர், மீட்டரில் லிட்டர் ஓடுவதைப் பார்ப்பதில்லை. ரூபாய் ஓடுவதைத்தான் பார்க்கிறார். சரக்கு ஏற்றிய பெரிய லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. 1,200 கிலோமீட்டர் நடைக்கு 300 லிட்டர் வேண்டும். வாடகை பேசி முடித்தபின் டீசல் ஒரு ரூபாய் ஏறினால், அந்த நடையில் 300 ரூபாய் உரிமையாளரின் பையிலிருந்து போகிறது. ஆகவே, கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்று செய்தி வரும் நாளில் அவர் கேட்கும் கேள்வி எளிமையானது: “அங்கே இறங்கியது இங்கே ஏன் இறங்கவில்லை?”

கச்சா எண்ணெயிலிருந்து தொடங்குவோம். உலகச் சந்தையில் அதை பீப்பாய்க் கணக்கில் விற்கிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 65 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்குச் சுமார் 35 ரூபாய் ஆகிறது. 2025-இல் சென்னையில் டீசல் 92 ரூபாய் சொச்சம். இடையில் இருக்கும் 57 ரூபாயில்தான் இந்தக் கதை முழுவதும் நடக்கிறது.

அதில் ஒரு பகுதி நியாயமான செலவு. கச்சா எண்ணெயை 350 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். குழம்பு கொதிக்கும்போது ஆவி மேலேறி மூடியில் நீராகப் படிகிறதல்லவா, அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. ஆனால் இங்கே மூடி ஒன்றல்ல. கோபுரத்தின் ஒவ்வோர் உயரத்திலும் ஒரு தட்டு உண்டு. லேசான எரிவாயுவும் பெட்ரோலுக்கான பகுதியும் உச்சிவரை போகின்றன. மண்ணெண்ணெய் அதற்குக் கீழே தங்குகிறது. ஏறத்தாழ 200 முதல் 350 டிகிரிக்குள் கொதிக்கும் நடுப்பகுதி டீசலாகிறது. தார் அடியில் நின்றுவிடுகிறது. அத்துடன் வேலை முடிவதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல், வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிப்படி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் 50 பங்குவரை அனுமதி இருந்தது. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி, வினையூக்கியின் துணையோடு கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். ஹைட்ரஜன் மலிவான சரக்கு அல்ல.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கச்சா எண்ணெய்க்கு ஒரு சந்தை, டீசலுக்குத் தனிச் சந்தை. ஒரு பீப்பாயிலிருந்து வேண்டிய அளவுக்கு டீசலை மட்டும் கறந்துவிட முடியாது. உலகில் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தால், கச்சா விலை அசையாமலேயே டீசல் விலை ஏறும். உக்ரைன் போருக்குப் பிறகு 2022 ஜூனில் சிங்கப்பூர் சந்தையில் கச்சாவுக்கும் டீசலுக்குமான இடைவெளி பீப்பாய்க்கு 50 டாலரைத் தாண்டியது. நம் நாட்டு ஆலையில் வடித்த டீசலாக இருந்தாலும், ஆலைவாசல் விலையைக் கணக்கிடும்போது வளைகுடாவில் டீசல் என்ன விலைக்குப் போகிறது என்பதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள். கச்சா விலைச் செய்தியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆலை, கப்பல், குழாய்வழி, எண்ணெய் நிறுவனத்தின் லாபம், பங்க் உரிமையாளரின் கமிஷன் எல்லாம் சேர்த்தால் 22 ரூபாய் சுமாருக்கு வரும். மீதி 35 ரூபாய் வரி. கச்சா எண்ணெய்க்கு எவ்வளவோ, வரிக்கும் ஏறக்குறைய அவ்வளவு.

அந்த வரி எப்படி விதிக்கப்படுகிறது என்பதுதான் ஓட்டுநரின் கேள்விக்கு விடை. மத்திய அரசின் கலால் வரி சதவீதம் அல்ல. லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக நிற்பது. தமிழக அரசு விற்பனை மீது போடும் வாட் வரியோ 11 சதவீதமும் அதன்மேல் 9.62 ரூபாயும் சேர்ந்தது. நிலையான தொகைக்கு ஒரு குணம் உண்டு. எண்ணெய் விலை பாதியாகக் குறைந்தாலும் அது குறையாது. அதைவிட முக்கியமாக, எண்ணெய் விலை குறையும்போது யாருக்கும் தெரியாமல் அதை உயர்த்திவிடலாம். பங்க்கில் விலை ஏறாது. இறங்க வேண்டியது இறங்காது, அவ்வளவுதான். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவைப் போல.

2014 ஏப்ரலில் டீசல் மீதான கலால் வரி லிட்டருக்கு 3.56 ரூபாய். அந்த ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இனி சந்தை போகிற வழியில் விலை போகும் என்றார்கள். கச்சா விலை சரியத் தொடங்கியதும், 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் வரி ஒன்பது முறை உயர்ந்தது. டீசலுக்கு மட்டும் மொத்தம் 13.47 ரூபாய். பிறகு கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சாவின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்கு விழுந்தது. மே மாதம் ஒரே இரவில் டீசல் மீது 13 ரூபாய் கலால் வரி ஏறி, மொத்தம் 31.83 ரூபாயானது. டெல்லி அரசும் தன் பங்குக்கு வாட் வரியைக் கூட்ட, அந்த ஜூனில் டெல்லியில் டீசல் வரலாற்றில் முதன்முறையாகப் பெட்ரோலை விலையில் முந்தியது.

விலை ராக்கெட் போல ஏறுகிறது, இறகு போல இறங்குகிறது என்று 1991-இல் பிரிட்டன் பெட்ரோல் சந்தையை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் பேக்கன் எழுதினார். அவர் பேசியது வியாபாரிகளைப் பற்றி. நம் ஊரில் இறகைக் கையில் பிடித்து வைத்திருப்பது அரசு.

2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்பது ஏற்பாடு. ஆனால் 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை, 137 நாள், விலை அசையவே இல்லை. அந்த இடைவெளியில் கச்சா விலை எங்கேயோ ஏறிப் போய்விட்டது. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்து முடிந்தது. அதன்பின் 14 தவணைகளில் 10 ரூபாய் ஏறியது. 2024 மார்ச் 15-இல் 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் அட்டவணை வெளியானது. சந்தைக்கு வாக்காளர் பட்டியல் தெரியும் போலிருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022-இல் எண்ணெய் நிறுவனங்கள் நட்டத்தில் விற்றன. கலால் வரியும் 2021 நவம்பர், 2022 மே என இரண்டு தவணையில் 16 ரூபாய் குறைக்கப்பட்டது. ஆனால் 2023-24-இல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 80,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் ஈட்டியபோது, பழைய நட்டத்தை நினைவூட்டியவர்கள் அந்த லாபத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

மாநிலங்களும் சளைத்தவை அல்ல. 2021 தேர்தல் அறிக்கையில் டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்று திமுக சொன்னது. ஆட்சிக்கு வந்தபின் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது; டீசல் வரி அப்படியே நின்றது. மத்திய அரசு எங்களுக்குத் தருவதில்லை என்ற மாநிலங்களின் குறையிலும் உண்மை இருக்கிறது. 2025-இல் கலால் வரி என்று வசூலான 17.80 ரூபாயில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி 1.80 ரூபாய் மட்டும். அதில் 41 சதவீதம், அதாவது 74 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. மற்றவை தனி வரி, செஸ் என்று வேறு பெயர்களில் மத்திய அரசிடமே தங்குகின்றன. டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் லாரி உரிமையாளர் டீசலுக்குக் கட்டிய வரியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், அதற்கு இது நேரமல்ல என்று சொல்லிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் விற்கும் பண்டத்தை, பெட்ரோல் அதில் பாதிகூட விற்காத நாட்டில், எந்த நிதி அமைச்சரும் எளிதில் கைவிட மாட்டார்.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்காவின் சுங்கவரி அறிவிப்பால் கச்சா விலை 65 டாலருக்கும் கீழே இறங்கியது. ஏப்ரல் 8 முதல் டீசல் மீதான கலால் வரி 2 ரூபாய் கூடியது. சில்லறை விலை உயராது என்று அரசு உறுதி கொடுத்தது, அப்படியே உயரவில்லை. நாமக்கல் ஓட்டுநர் அன்று காலையும் நேற்றைய விலைக்கே 300 லிட்டர் நிரப்பிக்கொண்டு கிளம்பியிருப்பார்.