மின்விசிறிக்கு மேலே ஒரு மின்குமிழ்

பதினான்கு வயதுப் பெண்பிள்ளை. தாயும் அம்மம்மாவும் திருகோணமலைக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து என் கிளினிக்குக்கு அழைத்து வந்திருந்தார்கள். முதல் வலிப்பு கோயில் திருவிழா இரவில், மின்விளக்குகள் ஓடும் சோடனைக் கோபுரத்தின் எதிரே நின்றபோது வந்திருக்கிறது. அம்பாள் வந்துவிட்டாள் என்று திருநீறு பூசினார்கள். யாரோ கையில் திறப்புக்கோர்வையைத் திணித்தார்கள். இரண்டாவது வலிப்பு வீட்டில், இரவு கணக்குச் செய்துகொண்டிருக்கையில் வந்தது. அதன் பிறகுதான் வைத்தியரிடம் போகலாம் என்று தாய் முடிவெடுத்திருக்கிறார்.

"பிள்ளை எங்கே இருந்து படித்தது?"

"நடு அறையில், டொக்டர். மின்விசிறிக்குக் கீழே."

"மின்குமிழ் எங்கே இருக்கிறது, அம்மா?"

"அதற்கும் மேலே, முகட்டில்."

எனக்கு வேண்டிய தகவல் அந்தக் கடைசிச் சொல்லில் இருந்தது. வீட்டு மின்விசிறி வேகமாகச் சுற்றும்போது நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்றுகள், அதாவது செக்கனுக்கு 5. இறக்கைகள் மூன்று. ஒவ்வோர் இறக்கையும் மின்குமிழை ஒருமுறை மறைத்தால், கீழே விரித்திருக்கும் வெள்ளைக் கொப்பியின் மீது செக்கனுக்கு 15 தடவை நிழல் விழுந்து விலகும். ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களின் மூளையை அதிகம் சீண்டுவது செக்கனுக்கு 15 முதல் 25 வரையான சிமிட்டல்தான். அந்தப் பிள்ளை நாள்தோறும் அந்த எல்லைக்குள் இருந்துதான் படித்திருக்கிறாள்.

ஒளி எவ்வளவு பிரகாசமானது என்பதைப் போலவே, அது எவ்வளவு வேகமாகச் சிமிட்டுகிறது என்பதும் மூளைக்கு முக்கியம். பார்வையைக் கையாளும் பகுதி பிடரிப் பக்கத்தில் இருக்கிறது. ஒளியின் ஒவ்வொரு சிமிட்டலும் அங்குள்ள நரம்புக் கலங்களைக் கூட்டமாக உசுப்புகிறது. சீரான தாளத்தில் சிமிட்டினால் மூளையின் மின்னலைகளும் அந்தத் தாளத்துக்கு ஒத்து ஓடத் தொடங்குகின்றன. இது நோயல்ல, உங்களுக்கும் எனக்கும் நடப்பதுதான். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மத்தியூஸ் என்ற ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்து காட்டினார்கள். 1940களில் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற ஆய்வாளர் மின்னணு ஒளிவிளக்கைக் கொண்டு இதையே ஒரு பரிசோதனை முறையாக வளர்த்தார். இன்றும் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் EEG பரிசோதனையின்போது கண்ணெதிரே ஒரு விளக்கைப் பல வேகங்களில் சிமிட்டிப் பார்க்கிறோம்.

பெரும்பாலானோரின் மூளை அந்தத் தாளத்துக்குக் கடிவாளம் போட்டுவிடும். தூண்டும் கலங்கள் எழும்பும்போது அடக்கும் கலங்களும் சேர்ந்து எழும்பும். சிலருக்கு அந்த அடக்கல் போதாது. பிடரியில் தொடங்கிய ஒத்திசைவு மூளை முழுவதும் பரவி வலிப்பாகிறது. வலிப்பு நோயுள்ள 100 பேரில் ஏறக்குறைய 3 பேர் இவ்வகையினர். வளரிளம் பருவத்தில் அதிகம், பெண்பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். ஆகவே வலிப்புள்ள எல்லாப் பிள்ளைகளையும் தொலைக்காட்சிக்கும் கோயிலுக்கும் விலக்கி வைப்பது வீண் கொடுமை, அதைச் செய்யாதீர்கள்.

தனக்கு இது இருக்கிறது என்று பலருக்கு முதல் தடவை வரும்வரை தெரியாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு சிறுவர் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் செக்கனுக்கு ஏறக்குறைய 12 தடவை மாறிமாறிச் சிமிட்டின, அதுவும் சில செக்கன்கள் மட்டுமே. 600க்கும் அதிகமான பிள்ளைகள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். வலிப்பு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

நம் ஊரில் தொலைக்காட்சியைவிட வெயிலைத்தான் நான் அதிகம் விசாரிப்பேன். வடக்கே நிலாவெளிப் பக்கமிருந்து காலையில் திருகோணமலை நகருக்கு வரும் பஸ்ஸில் இடப்பக்கம் இருந்தால் கடல் பக்கத்து வெயில் முகத்தில் அடிக்கும். 50 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். மீற்றருக்கு ஒரு வேலிக்கம்போ பாலத்துக் கம்பியோ இருந்தால் அது செக்கனுக்கு 14 சிமிட்டல். வலப்பக்கம் இருங்கள், அல்லது முதுகை வெயிலுக்குக் காட்டி இருங்கள். காலை வெயிலில் மினுங்கும் கடலும் சிலரைச் சீண்டும். அப்படிப்பட்ட பிள்ளை தனியாகக் கடலில் இறங்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

திடீரென்று ஒளி சிமிட்டத் தொடங்கினால் என்ன செய்வது? கண்ணை மூடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது போதாது. இமையின் ஊடாக ஒளி செந்நிறமாகக் கசிந்து விழித்திரை முழுவதும் பரவுகிறது. சிலருக்கு அதுவே இன்னும் மோசம். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுதாகப் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி, அங்கிருந்து விலக வேண்டும். ஒரு கண் வழியாக மட்டும் ஒளி போகும்போது மூளைக்குச் சேரும் தூண்டல் வெகுவாகக் குறைகிறது. பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே பழக்கிவிடலாம்.

வலிப்பு வந்துவிட்டால் திறப்பு வேண்டாம், இரும்பு வேண்டாம், வாயில் கரண்டியும் தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் உடனே வைத்தியசாலை. பக்கத்தில் ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் அது எனக்கு நூறு கேள்விகளுக்குச் சமம்.

காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்துத் தேநீர்க் குவளை நழுவுகிறதா என்றும் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். தலையாட்டினாள். கவனக்குறைவு என்று வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அதுவும் இந்த நோயின் ஓர் அடையாளமாக இருக்கலாம் என்று சொன்னபோது தாய் அழுதுவிட்டார்.

சோடனை செய்யும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஓடும் விளக்குகளின் வேகத்தைச் செக்கனுக்கு மூன்றுக்கு மேல் போகாமல் வையுங்கள். அழகு குறையாது.

அந்த வீட்டில் மின்குமிழைச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் வலிப்பு நின்றது என்று சொல்ல மாட்டேன். அதே வாரம் மருந்தும் தொடங்கினோம். வலிப்பு நிற்கிறது என்று மருந்தைத் தாங்களே நிறுத்துவோரை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால் ஒவ்வொரு தடவையும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்த திருவிழாவுக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டாள். போகலாம் என்றேன். முதல்நாள் நன்றாக உறங்க வேண்டும், இரவு மாத்திரை தவறக் கூடாது, கோபுரத்துக்கு நேரெதிரே நிற்கக் கூடாது, ஒரு கையால் அம்மம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றக் கை கண்ணைப் பொத்துவதற்கு.