பெட்ரோல் மேல் பழி போடும் முன் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பத்து வருடப் பழைய பெட்ரோல் கார், சில மாதங்களாக செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக உதறுகிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, பி0171 என்று வருகிறது, எல்லாம் இந்த இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) செய்கிற வேலை என்று சொல்லி, அந்தப் பிழைக் குறியீட்டை அழித்து அனுப்பிவிட்டார். நாலு நாளில் விளக்கு மறுபடியும் வந்துவிட்டது. வாசகர் சும்மா இருக்கவில்லை. வண்டியின் கணினி சொல்வதைப் போனுக்கு அனுப்பும் ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி, போனில் ஆப் போட்டு, வீட்டிலிருந்து ஏற்காடு ஏறி இறங்கிப் பதிவெடுத்து எனக்கு அனுப்பிவிட்டார். "நாலாயிரம் வரி எண்கள் இருக்கின்றன சார், இதை வைத்து என்ன செய்வது?"

ஸ்டியரிங்குக்குக் கீழே, அடாப்டர் போய் மாட்டும் அந்தப் பதினாறு பின் சாக்கெட்டை எந்தக் கார் கம்பெனியும் நம் மேல் பாசம் வந்து வைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டம் தாங்காமல் கலிஃபோர்னியா அரசு ஆரம்பித்த கெடுபிடி அது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது, இந்தியாவுக்கு 2013இல் வந்தது. சட்டம் போட்டதால்தான் சில அடிப்படை எண்களையாவது எந்த அடாப்டரும் கேட்டு வாங்க முடிகிறது. மற்றதையெல்லாம் கம்பெனிகள் இன்றைக்கும் பூட்டித்தான் வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய வண்டியின் காய்ச்சலை அளக்க நான் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

சாக்கெட்டில் வருவது சின்னச் சின்ன எண்கள்தான். எஞ்சின் வேகம் கேட்டால் 12, 128 என்று இரண்டு எண் வரும். முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, நாலால் வகுத்தால் 800, அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று. எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்துக்கு ஒரே எண், அதில் 40ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் ஆப்பே செய்து, காற்புள்ளி போட்டுப் பிரித்த சி.எஸ்.வி. ஃபைலாகத் தந்துவிடும். லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், அதில் திறந்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: அடாப்டர் ஒவ்வொரு கேள்வியாகத்தான் கேட்கும். இருபது விஷயம் பதிவு செய்தால் ஒரே வரியில் இருக்கும் எண்கள் வெவ்வேறு நேரத்தில் எடுத்தவையாக இருக்கும். ஐந்தாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் வாசகர் முப்பது எடுத்திருந்தார், பாதியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த எண்களில் எனக்குப் பிடித்தது ஃப்யூவல் ட்ரிம்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று ஏர் ஃப்ளோ சென்சார் எடை போட்டுச் சொல்கிறது. எஞ்சினை ஆளும் குட்டிக் கணினியான இசியு அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலென்றால் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம். கணக்கு சரியாக வந்ததா என்று புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ருசி பார்த்துச் சொல்லும். சாம்பாருக்கு உப்புப் போடும் அம்மாவைப் போலத்தான். ருசி பார்த்து அப்போதைக்கு ஒரு சிட்டிகை கூட்டுவது ஷார்ட் டெர்ம் ட்ரிம். இந்தப் புது உப்புப் பாக்கெட்டில் உப்பே இல்லை, இனி எப்போதும் அரை ஸ்பூன் கூடப் போடணும் என்று மனதில் குறித்துக்கொள்வது லாங் டெர்ம் ட்ரிம். இரண்டையும் கூட்டினால், இசியு தன் கணக்கை எத்தனை சதவீதம் திருத்த வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அது 25ஐ ஒட்டிப் போனால் பல கார்களில் விளக்கு எரியும். பி0171 என்றால் அதுதான் அர்த்தம், காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை.

குறியீட்டை அழித்தால் அம்மாவின் ஞாபகமும் சேர்ந்து அழிந்துவிடும், மறுபடி ருசி பார்த்துக் கற்றுக்கொள்ள சில நாள் ஆகும். நாலு நாளில் விளக்கு திரும்பி வந்த ரகசியம் இவ்வளவுதான். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவதும் இதே பரிகாரம்தான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, பழம் மலிவு.

இப்போது பெட்ரோல் குற்றவாளியா என்று பார்ப்போம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். இ10இலிருந்து இ20க்கு மாறினால் திருத்தம் சுமார் 4 சதவீதம் ஏறும். கவனிக்க வேண்டியது, நின்றாலும் ஓடினாலும் மலை ஏறினாலும் அதே 4.

ஓட்டை வேறு மாதிரி. சென்சாரைத் தாண்டி ஏதாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், எடை போடாத திருட்டுக் காற்று உள்ளே போகும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும்வரை, அது குறையக் குறைய ஓட்டையில் பாய்ச்சல் கூடும். அதற்கும் கீழே போய்விட்டால் ஓட்டையின் இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அப்புறம் உள்ளே எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூட அதிகமாகாது, ஏனென்றால் 'இன்னும் வா' என்கிற செய்தியே ஒலி வேகத்தில்தான் பயணம் செய்யும், எதிரே அதே வேகத்தில் வரும் காற்றைத் தாண்டி அதனால் வெளியே போய்ச் சேர முடியாது. ராக்கெட்டின் வாலில் நெருப்பு பீறிடும் நாசில் குழாயில் நடக்கும் அதே விஷயம், உங்கள் வண்டியின் ரப்பர் விரிசலில், சிக்னலில் நிற்கும்போது! எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

ஆக, ஓட்டை தருவது சதவீதம் இல்லை, கிட்டத்தட்ட நிலையான ஒரு எடை. நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு அது பெரிய பங்கு, வேகமாக ஓடும் எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை.

வாசகரின் ஃபைலில் முதலில் வடிகட்டினேன். கூலன்ட் 80 டிகிரிக்குக் கீழே இருந்த வரிகள், ஏற்காட்டு இறக்கத்தில் பெட்ரோலே பாயாத வரிகள், ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்த வரிகள் எல்லாம் வெளியே. கால்க்கில் ஆட்டோஃபில்டர் போட்டால் ஐந்து நிமிட வேலை. மிச்சத்தைச் சராசரியாகச் சொன்னால், நொடிக்கு 3 கிராம் காற்று போகும்போது திருத்தம் 24 சதவீதம், 10 கிராமில் 10, 20 கிராமில் 7. வளைந்து இறங்குகிறது.

இங்கே ஒரு சின்னத் தந்திரம். புதிய நெடுவரிசை ஒன்று சேர்த்து, அதில் காற்றின் எடையைத் திருத்தத்தால் பெருக்கி நூறால் வகுத்தேன். 0.72, 1.0, 1.4. இதைக் காற்றின் எடைக்கு எதிரே புள்ளி வரைபடமாகப் போட்டால் வளைவு நிமிர்ந்து நேர்கோடாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஒய் = எம்எக்ஸ் + சி. இதெல்லாம் எதற்கு உதவும் என்று அன்றைக்குக் கேட்டோமே, இதற்குத்தான். சாய்வு, எப்போதும் ஒரே சதவீதமாக இருக்கும் தவறு. செங்குத்து அச்சைக் கோடு வெட்டும் இடம், ஓட்டை. கால்க்கில் ஸ்லோப், இன்டர்செப்ட் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன, விடையை அவையே தரும். சாய்வு 0.04, வெட்டுத்துண்டு 0.6. ஸ்பேனரைத் தொடாமலே ஓட்டையை எடை போட்டாயிற்று, நொடிக்கு 0.6 கிராம். (த்ராட்டில் நன்றாகத் திறந்தால் ஓட்டைக் காற்று குறையும், அதனால் வலது முனையில் புள்ளிகள் கொஞ்சம் கீழே சரியும். ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பதில் அழுத்த சென்சார் வைத்த சின்னக் கார்களில் இந்தக் கணக்கு எடுபடாது, அங்கே ஓட்டைக் காற்றும் அளவுக்குள் வந்துவிடும்.)

மெக்கானிக் முழுக்கத் தப்பும் இல்லை. ஓட்டை மட்டும் இருந்திருந்தால் நின்றபடி 20 சதவீதம், விளக்கு எரிந்திருக்காது. அந்த 4 சேர்ந்துதான் விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் 20ஐ விட்டுவிட்டு 4இன் மேல் பழி போடுவது என்ன நியாயம்?

எஞ்சினை ஓடவிட்டு 'உஸ்' சத்தம் எங்கே என்று காது கொடுத்துக் கேளுங்கள் என்று பதில் போட்டேன். எஞ்சினின் உட்புகையை மறுபடி உள்ளே இழுத்து எரிக்க அனுப்பும் பிசிவி ஹோஸின் வளைவில், அடிப்பக்கம், விரல் வைத்தால்தான் தெரிகிற மாதிரி ஒரு விரிசல் இருந்ததாம். மாற்றியபின் வந்த பதிவில் வெட்டுத்துண்டு பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது, சாய்வு அதே 0.04. அது இ20ஆகவும் இருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்சாரில் படிந்த அழுக்காகவும் இருக்கலாம், இரண்டும் கோட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். சென்சாரை அதற்கான ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்துவிட்டு, அதே ஏற்காடு ரோட்டில் இன்னொரு தடவை ஓட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஆறே ஆறு நெடுவரிசைகள் போதும் என்றும்.