கொய்யா இலையும் தட்டில் விழும் வளையமும்

நுண்ணுயிரியல் முதுகலை நடக்கிற கல்லூரிகளில் ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் ஏதாவது ஓர் இலையை நிழலில் காயவைத்துக்கொண்டிருப்பார். துளசி, வேம்பு, குப்பைமேனி, நொச்சி, கற்பூரவல்லி என்று பக்கத்தில் கிடைப்பதே பெரும்பாலும் புராஜெக்ட் ஆகிவிடும். அதன் முடிவு எப்போதாவது செய்தியில் வந்தால், “இந்த இலை கிருமிகளைக் கொல்கிறது” என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. உண்மையில் அந்தச் சோதனை கேட்கும் கேள்வி ரொம்பச் சின்னது: இந்தச் சாறு தட்டில் பாக்டீரியா வளர்வதைத் தடுக்கிறதா? கொய்யா இலையை வைத்து அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

இலையைக் கழுவி, வெயில் படாமல் உலர்த்தி, பொடியாக்குவது முதல் வேலை. பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். மழைக்காலத்து இலையில் ஓர் அளவு, கோடையில் வேறு அளவு. அதை நீக்கிவிட்டால் எடைக் கணக்கும் ஒழுங்காக நிற்கும், பொடியும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும்.

அடுத்தது கரைப்பான், அதாவது இலையில் உள்ளதைக் கரைத்தெடுக்கும் திரவம். பாதி முடிவு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரை, உப்புகள், புரதம், கொஞ்சம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஆகியவை இறங்கும். எத்தனாலிலும் மெத்தனாலிலும் ஃப்ளேவனாய்டு போன்ற ஃபீனால் வகைச் சேர்மங்கள் தாராளமாக வரும். தண்ணீரோடு கலக்காத ஹெக்சேன் என்ற திரவத்தில் மெழுகும் எண்ணெயும். ஒரே மரத்து இலைதான், ஆனால் மூன்று குடுவைகளில் இருப்பதும் வேறு வேறு சரக்கு. ஆகவே “கொய்யா இலைச் சாறு” என்று மட்டும் ஒருவர் சொன்னால், எதில் ஊறவைத்தது என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

சூடும் அப்படித்தான். சில மூலக்கூறுகள் கொதிக்கவைத்தால் சிதைந்துவிடும். பாக்டீரியா கதை இல்லை என்றாலும் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் சீனாவின் து யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, ஒரு பழைய மருத்துவக் குறிப்பு செடியைக் காய்ச்சச் சொல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்வதை அவர் கவனித்தார். உடனே சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதருக்கு மாறினார். அதில் சிக்கியதுதான் ஆர்டெமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015-இல் நோபல் பரிசு.

கரைப்பானை ஆவியாக்கிய பிறகு குடுவையின் அடியில் கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று ஒன்று தங்கும். அதை எடை போட்டு, டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தில் குறிப்பிட்ட அளவில் கரைத்து வைத்துக்கொண்டால் சாறு தயார்.

இனி தட்டு. பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டில் ஊற்றும் அகார் என்ற ஜெல்லி கடற்பாசியிலிருந்து வருவது. நோன்பு மாதத்தில் பல வீடுகளில் காய்ச்சிக் குளிரவைத்துத் துண்டு போடுவார்களே, அதே கடற்பாசிதான். இந்தச் சோதனைக்கு அதோடு மாட்டிறைச்சிச் சாறு, கேசீன் என்ற பால் புரதம், ஸ்டார்ச் ஆகியவற்றைச் சேர்த்த முல்லர்–ஹின்டன் அகாரைப் பயன்படுத்துகிறார்கள். 1941-இல் ஹார்வர்டில் ஜான் ஹோவர்ட் முல்லரும் ஜேன் ஹின்டனும் உருவாக்கியது இது. ஹின்டன் பின்னாளில் கால்நடை மருத்துவம் படித்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் அந்தப் பட்டத்தை முதன்முதலாகப் பெற்ற இருவரில் அவர் ஒருவர். உலகம் முழுக்க ஆன்டிபயாடிக் சோதனைகளில் தினமும் உச்சரிக்கப்படும் பெயர், ஆனால் ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு.

அகார் 4 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். பாக்டீரியாக் கலவையும் ஒரு மி.லி.க்குச் சுமார் 15 கோடி என்ற அளவில் கலங்கலாக இருக்க வேண்டும். அதைப் பஞ்சுக் குச்சியால் தட்டு முழுக்க ஒரே சீராகப் பூசி, அகாரில் சின்னக் குழிகள் வெட்டிச் சாற்றை ஊற்றுவார்கள். அல்லது சாற்றில் நனைத்த 6 மி.மீ. காகித வில்லைகளை வைப்பார்கள். கூடவே இன்னும் இரண்டு கட்டாயம் வேண்டும்: சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற தெரிந்த ஆன்டிபயாடிக் ஒன்று, வெறும் டி.எம்.எஸ்.ஓ. ஒன்று. கரைப்பானே பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது என்பதால், அந்த வெறும் குழி இல்லாத சோதனைக்கு மதிப்பே கிடையாது. அப்புறம் 35, 37 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி.

காலையில் தட்டு முழுக்க வெளிறிய படலமாக பாக்டீரியா வளர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். அந்தத் தடை வளையத்தின் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள்.

வளையம் விழுவது ஒரு பந்தயத்தால். சாறு குழியிலிருந்து வெளியே பரவிக்கொண்டே போகிறது, போகப்போக நீர்த்துப்போகிறது. அதே நேரத்தில் பாக்டீரியா பெருகிக்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் மருந்தின் செறிவு போதாமல் போய், வளர்ச்சி முந்திக்கொள்கிறதோ அங்கே வளையத்தின் விளிம்பு. அப்படியானால் வளையத்தின் அளவில் மருந்தின் வலிமை மட்டுமல்ல, அது அகாரில் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதும் கலந்திருக்கிறது. அகாரில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறு வீரியமானதாக இருந்தாலும் குழியை விட்டு நகராது. சின்ன வளையமே விழும், சில சமயம் ஒன்றுமே விழாது. எனவே “வேம்புக்கு 12 மி.மீ., கொய்யாவுக்கு 18 மி.மீ., ஆகவே கொய்யாவே சிறந்தது” என்று எழுதும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்கு எதிராக அது 30 மி.மீ. அளவில் வளையம் போடும். இலைச்சாற்றுக் குழியில் 5 மில்லிகிராம் ஊற்றினால் அது ஆயிரம் மடங்கு சரக்கு. சாறு நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை, ஆன்டிபயாடிக்கோ தனிப் பொருள் என்பதால் இந்த ஒப்பீடு கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் இரண்டு வளையங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடும்போது இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது.

இதனால்தான் அகாரோடு நிறுத்தாமல் 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டுக்குப் போகிறார்கள். முதல் குழியில் இருப்பதில் பாதி அடுத்ததில், அதில் பாதி அதற்கடுத்ததில் என்று சாற்றை நீர்க்கவைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு பாக்டீரியாவை விடுவார்கள். ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்த்தால், உயிரோடு இருக்கும் பாக்டீரியா அதை இளஞ்சிவப்பாக மாற்றிவிடும். நீலமாகவே நிற்கும் கடைசிக் குழிதான் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்சச் செறிவு. இலைச்சாற்றுக்கு அது மி.லி.க்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் இந்தத் துறைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பல மில்லிகிராம் தேவைப்பட்டால் ஆர்வம் வடிந்துவிடும். நீலக் குழியில் இருப்பது செத்துவிட்டதா, வெறுமனே அடங்கிக் கிடக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதிலிருந்து ஒரு துளியைப் புது அகாரில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, கொய்யா என்ன ஆயிற்று? ஆல்கஹாலில் எடுத்த சாறு, சீழ்க்கட்டிகளுக்குக் காரணமான ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் பல ஆய்வுகளில் ஈ. கோலை அசைந்து கொடுப்பதில்லை. இது கொய்யாவுக்கு மட்டும் நேர்வதல்ல. ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. பெரும்பாலான இலைச்சேர்மங்கள் அதிலேயே நின்றுவிடும்.

ஆனால் கொய்யாக் கொழுந்தை நம் வீடுகளில் கொடுப்பது வயிற்றுப்போக்குக்கு அல்லவா? மும்பை ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் சுவாரசியமானது. அவர்கள் இலைக் கஷாயத்தை எடுத்து, கொல்கிறதா என்பதோடு வேறு சிலவற்றையும் கேட்டார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களில் ஈ. கோலை வந்து ஒட்டிக்கொள்வதைக் கஷாயம் குறைத்தது. காலராக் கிருமி நஞ்சு சுரப்பதையும் குறைத்தது. பாக்டீரியா சாகாமலே அதன் வேலை கெடலாம். வளையத்தை மட்டும் அளக்கிறவருக்கு இது கண்ணில் படவே படாது.

பெர்பெரின் கதை இதைவிட விசித்திரம். நம் மரமஞ்சளில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் அது. பாக்டீரியாவுக்கு எதிரானதுதான், ஆனால் ஸ்டாபிலோகாக்கஸ் அதை நோர்-ஏ என்ற பம்பு வழியாக வெளியே இறைத்துக் கொட்டிவிடுகிறது. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பெர்பெரினை உண்டாக்கும் பெர்பெரிஸ் செடிகளிலேயே அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு மூலக்கூறும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தனியாகச் சோதித்தால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால்தான் செடியின் தற்காப்பு.

வளையம் கிடைத்த பிறகு வழக்கமாகச் செய்வது, சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து எந்தப் பகுதியில் வீரியம் இருக்கிறது என்று துரத்திக்கொண்டு போவது. இரட்டை மூலக்கூறு விஷயம் என்றால் பிரிக்கிற வேகத்திலேயே வீரியம் காணாமல் போய்விடும். தப்பி வந்ததை மனிதச் செல்கள் மேல் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிளீச்சிங் பவுடரும் தட்டில் அருமையாக வளையம் போடும். அதையும் தாண்டி ஒரு மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடித்துப் பார்த்தால், பல நேரம் அது ஏற்கெனவே தெரிந்த, வெங்காயத் தோலில் நிறைய இருக்கிற குவெர்செட்டினாகவோ அதன் உறவுக்காரராகவோ இருக்கும்.