ஒன்ராறியோ ஏரிகளில் தூண்டில் போட யாருக்கு லைசன்ஸ் வேண்டும்?

கோடை பிறந்தால் ஸ்காபரோவிலிருந்து ரைஸ் ஏரிக்கும் சிம்கோ ஏரிக்கும் தூண்டிலோடு புறப்படும் நம் குடும்பங்கள் ஏராளம். வாகனத்தில் ஆறு பேர், தூண்டில் மூன்று, லைசன்ஸ் ஒன்று. சிக்கல் அங்கேதான். மீன்பிடி லைசன்ஸ் குடும்பத்துக்கோ படகுக்கோ தரப்படுவதில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனி. "கொஞ்ச நேரம் பிடியுங்கோ" என்று மச்சானின் கையில் தூண்டிலைக் கொடுத்தால், அந்த நேரம் மீன் பிடிப்பவர் மச்சான்தான்.

18 வயதாகாத பிள்ளைகளும் 65 வயதைத் தொட்டவர்களும், கனடாவில் வசிப்பவர்களாக இருந்தால், எதுவும் வாங்கத் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டை கையில் இருந்தால் சரி. இடைப்பட்ட வயதுக்காரர் 3 ஆண்டு செல்லுபடியாகும் 'அவுட்டோர்ஸ் கார்ட்' (Outdoors Card) என்ற மாகாண அட்டையை எடுத்து, அதோடு லைசன்ஸும் வாங்க வேண்டும். ஒருநாள் லைசன்ஸுக்கு மட்டும் அந்த அட்டை வேண்டாம்.

பலர் தவறவிடுவது இதை: யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் வந்திருக்கும் அப்பம்மாவுக்கு 70 வயதானாலும் முதியோர் விலக்கு இல்லை. அவர் தூண்டில் பிடிக்க ஆசைப்பட்டால் வெளிநாட்டவருக்கான லைசன்ஸ் எடுத்துக் கொடுங்கள். அங்கிருந்து வந்த பேரப்பிள்ளை 18க்குக் கீழ் என்றால், லைசன்ஸ் உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம். பிள்ளை பிடிக்கும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

லைசன்ஸில் 'ஸ்போர்ட்', 'கன்சர்வேஷன்' என இரண்டு வகை. பின்னது விலை குறைவு, வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீனும் குறைவு. கவார்த்தா ஏரிகள் அடங்கிய 17ஆம் மீன்பிடி வலயத்தில் ஸ்போர்ட்டுக்கு 4 வால்ஐ (walleye) மீன், கன்சர்வேஷனுக்கு 1. வருடத்தில் இரண்டு மூன்று முறை போகிறவர்களுக்குக் கன்சர்வேஷனே தாராளம் என்பேன்.

லைசன்ஸ் இல்லாமலே பிடிக்கும் நாட்களும் உண்டு: பெப்ரவரியில் ஃபேமிலி டே வார இறுதி, அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகள், அப்புறம் ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி ஒரு வாரம். இது கனடாவாசிகளுக்கு மட்டும். அடையாள அட்டை வேண்டும், கன்சர்வேஷன் அளவைத் தாண்டக்கூடாது.

நீளக் கட்டுப்பாட்டையும் கவனியுங்கள். 17ஆம் வலயத்தில் 35 முதல் 50 சென்டிமீட்டர் வரையான வால்ஐயை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். சிறியது வளரட்டும், பெரியது நிறைய முட்டையிடும் தாய்மீன் என்பதே காரணம். ஸ்கூகாக் ஏரியில் அந்த மீன் மிகவும் குறைந்துபோனதால், 2016 முதல் அங்கே வால்ஐ பிடிப்பதே தடை. இந்த விதிகளை நான் அக்கறையோடு சொல்வதும் அதனால்தான். வலயம் மாறினால் கணக்கும் மாறும். ஒன்ராறியோவில் மொத்தம் 20 வலயங்கள். மாகாண அரசின் மீன்பிடி விதிக் கையேட்டில் நீங்கள் போகும் ஏரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மிஞ்சிய உயிர் இரையை ஏரியில் கொட்டாதீர்கள்; கரையிலிருந்து 30 மீட்டருக்குள் தரையில் கொட்டுவதும் குற்றம். கரையிலேயே வெட்டிக் கழுவித் துண்டுபோட்டுக் கொண்டுவரும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வழியில் அதிகாரி மறித்தால் என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று அவர் பார்க்க முடிய வேண்டும். குழம்புக்கு வெட்டுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.